கண்ணாடி இடுக்கில் பிடித்த பாசி

பசுமைக்குடிலில் பாசி படிந்தால் தோட்டக்காரரின் சோம்பலைக் குறை சொல்வதே வழக்கம். இங்கிலாந்தில் கண்ணாடிக் குடில் சாதாரண வீடுகளுக்கு வந்து சேர்ந்த கதையைப் பார்த்தால், அந்தப் பழி பெரும்பாலும் ஆள் மாறி விழுகிறது என்பேன். பாசிக்கு வேண்டியவை வெளிச்சமும் காயாத ஈரமும். செடிக்காகக் கட்டிய குடிலில் வெளிச்சத்தை மறுக்க முடியாது. எனவே தண்ணீர் எங்கே தங்குகிறது என்பதுதான் கேள்வி. அதைக் கூரை போட்டவர் முன்பே முடிவு செய்துவிடுகிறார். 1845 வரை அங்கே கண்ணாடிக்கு எடைக் கணக்கில் வரி. அதனால் மெல்லிய கண்ணாடியே கட்டுப்படியானது. ஊதிச் சுழற்றித் தட்டாக்கிய அந்தக் கண்ணாடியில் சிறு துண்டுகள்தான் தேறின. ஓடு வேய்வதுபோல ஒன்றின் விளிம்பு அடுத்ததன்மேல் ஏறும்படி அவற்றைப் பதித்தார்கள். வினை அந்த இடுக்கில்தான். இரண்டு கண்ணாடிக்கும் நடுவே மயிரிழை இடைவெளியில் ஏறிய நீர் வடிவதில்லை. தூசியும் புகைக்கரியும் அதில் ஊறிக் கறுப்பாகும், பிறகு பச்சை பிடிக்கும். தூரிகையின் நுனிகூட உள்ளே போகாது. தோட்டக்கலை எழுத்தாளர் ஜான் கிளாடியஸ் லூடன் இந்த ஏற்றம் குறுகலாக இருக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். தேங்கிய நீர் பனியில் உறைந்து கண்ணாடியை உடைப்பது அவருக்குப் பெருங்கவலை. பாசிக்கும் அந்தக் குறுகலே மருந்து.

வரி நீங்கியதும் நீளமான தகட்டுக் கண்ணாடி மலிந்தது. 1851இல் லண்டன் ஹைட் பார்க்கில் ஜோசப் பாக்ஸ்டன் எழுப்பிய பளிங்கு மாளிகையில் ஒவ்வொரு கண்ணாடியும் 49 அங்குல நீளம். நீளம் கூடினால் இடுக்கு குறையும். அதைவிட முக்கியம், அவர் அமைத்த மர வாய்க்கால். அதன் மேற்புறக் குழிவில் மழைநீர் ஓடியது. இரு பக்கங்களிலும் வெட்டிய சிறு காடிகள், கண்ணாடியின் உட்புறத்தில் வியர்த்து வழியும் நீரை ஏந்திக்கொண்டன. உள்ளே சுரக்கும் ஈரத்துக்கும் வழி விட வேண்டும் என்ற இந்த எண்ணத்தையே குடில் சுத்தத்தின் பெரிய பாய்ச்சலாக நான் கருதுகிறேன். 1858இல் சிறு வீட்டுக்காரர்களுக்கான மலிவான குடிலுக்கும் அவர் காப்புரிமை பெற்றார்.

கூலி மலிந்த காலம், பையன்களை விட்டுத் தேய்த்தால் போதாதா என்று கேட்கலாம். பெரிய மாளிகைகளில் தேய்க்கத்தான் செய்தார்கள், சட்டிகளைக்கூட விடவில்லை. ஆனால் ஒற்றை ஆளே தோட்டம் பார்த்த வீட்டுக்கு அந்த வசதி ஏது? தோட்டக்காரருக்குப் பங்கே இல்லை என்பதும் சரியல்ல. மாலையில் தண்ணீர் ஊற்றிக் கதவை அடைத்தால் எந்தக் கூரையும் காப்பாற்றாது. இன்றைய அகலத் தகடுகளிலும் பாசி வருகிறதே என்ற மறுப்புதான் வலுவானது. அதைப் பார்த்தால் அதுவும் என் கட்சிக்கே வருகிறது. பாலிகார்பனேட் தகட்டின் உள்ளே நெடுகக் குழல்கள் ஓடுகின்றன. மேல்முனையை அடைத்து, கீழ்முனையில் ஈரம் வெளியேறவும் தூசி நுழையாமலும் இருக்கும் நாடாவை ஒட்டாவிட்டால், பாசி அந்தக் குழல்களுக்குள்ளேயே வளரும். வெளிப்புறத்தை எத்தனை முறை கழுவினாலும் அது போகாது.