குரற்கட்டளைகளின் வரலாறு: சொல்வதெழுதும் கணினியும் கைநோயுற்ற பயனாளரும்

பேச்சறிதல் மென்பொருளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அதனைத் துல்லியத்தின் வரலாறாகவே எழுதி வந்துள்ளனர். 1952இல் பெல் ஆய்வகத்தின் 'ஆட்ரி' பத்து இலக்கங்களை இனங்கண்டது. 1962இல் ஐபிஎம் நிறுவனத்தின் 'ஷூபாக்ஸ்' 16 சொற்களை அறிந்தது. 1976இல் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தின் 'ஹார்ப்பி' ஆயிரத்துக்கும் சற்று மேற்பட்ட சொற்களை எட்டியது என அவ்வரலாறு படிப்படியாக ஏறிச் செல்லும். இச்செய்திகளில் பிழையில்லை. ஆயினும், ஒரு சொல்லைக் கணினி கேட்டறிவது ஒன்று. அச்சொல்லைக் கேட்டதும் அது என்ன செய்தல் வேண்டும் என்பதை வரையறுப்பது வேறொன்று. இக்கட்டுரையில் நாம் பின்னதையே, அதாவது பயனாளர் தமக்கெனத் தாமே படைத்துக்கொண்ட குரற்கட்டளைகளின் வரலாற்றையே ஆராய முற்படுகிறோம். அவ்வரலாற்றை நிறுவனங்கள் தொடங்கிவைத்தன. அதனை வளர்த்தெடுத்தவர்கள், விசைப்பலகையைத் தொட இயலாத நிலைக்குக் கைகள் நோயுற்றவர்களே என்பது நமது கருத்து.

ஜேம்ஸ் பேக்கர், ஜேனட் பேக்கர் என்னும் அறிஞர் இணையர் 1982இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் டிராகன் சிஸ்டம்ஸ் நிறுவனத்தைத் தோற்றுவித்தனர். 1990இல் வெளிவந்த அவர்களது 'டிராகன் டிக்டேட்' ஏறத்தாழ 9,000 அமெரிக்க வெள்ளிக்கு விற்கப்பட்டது. அதனைப் பயன்படுத்துவோர் ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னும் சற்றே நிறுத்திப் பேசுதல் வேண்டும். இயல்பான பேச்சோட்டத்தை ஏற்கும் 'நேச்சுரலி ஸ்பீக்கிங்' 1997இல்தான் வந்தது. தொடர்ந்து விசைகளை அழுத்தியதால் மணிக்கட்டும் விரல்களும் கெட்டு, எழுத்துத் தொழிலையோ நிரலாக்கத் தொழிலையோ இழக்கும் நிலையிலிருந்த பலருக்கு இம்மென்பொருள்கள் பிழைப்புக்கான வழியாயின. வெட்டி வெட்டிப் பேசியதால் சிலருக்குக் குரலும் கெட்டது என்பது அக்காலத்திலேயே பதிவாகியுள்ளது. கையைக் காக்கப் போய்க் குரலை இழக்கும் இவ்விடரே பிற்காலக் கட்டளைகளின் வடிவத்தைத் தீர்மானித்தது.

சொல்வதெழுதும் மென்பொருளுக்கு அடிப்படையான ஒரு சிக்கல் உண்டு. பயனாளர் கூறும் ஒரு தொடர் எழுதப்பட வேண்டிய வாசகமா, நிறைவேற்றப்பட வேண்டிய கட்டளையா என்பதே அது. டிராகன் இதனை மௌனத்தால் தீர்த்தது: கட்டளைக்கு முன்னும் பின்னும் சிறு இடைவெளி விட்டால் அது கட்டளை, இடைவெளியின்றி வாக்கியத்தினுள் வந்தால் வாசகம். ஐயம் எழுமிடத்துக் கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு பேசினால் கட்டளையாகவே கொள்ளப்படும் என்னும் வசதியும் இருந்தது. கையைப் பயன்படுத்த இயலாதவருக்கு இவ்வசதி எவ்வகையில் உதவும் என்று நாம் வினவாமல் இருக்க முடியவில்லை.

கடிதம் எழுதுவோருக்கு மென்பொருளோடு வந்த கட்டளைகளே பெரும்பாலும் போதுமானவை. நிரலருக்கு அவை போதவில்லை. நிரல் என்பது அடைப்புக்குறிகளும் அடிக்கோடுகளும் அரைப்புள்ளிகளும் செறிந்தது. அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என ஆங்கில வாக்கியங்களைக் கொண்டு கணிக்கப் பழகிய மென்பொருள், இல்லாத வாக்கியத்தை அங்குத் தேடியது. ஒவ்வொரு குறியையும் அதன் முழுப்பெயரால் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் பின் நிறுத்தினால், ஒரு வரியை முடிப்பதற்குள் தொண்டை வறண்டுவிடும். எனவே அவர்கள் தமக்கெனக் கட்டளைகளைப் படைத்தாக வேண்டியிருந்தது. ஆனால் கட்டளைகளை நிரலாக எழுதும் முழு வசதியை நிறுவனம் நெடுங்காலம் விலை மிகுந்த தொழில்முறைப் பதிப்பிலேயே வைத்திருந்தது.

இந்நிலையில், நேச்சுரலி ஸ்பீக்கிங் உருவாக்கத்தில் முதன்மைப் பங்காற்றிய ஜோயல் கௌல்ட், 1990களின் இறுதியில், பைத்தான் மொழியில் கட்டளைகளை எழுத உதவும் 'நேட்லிங்க்' என்னும் இணைப்பினை வெளியிட்டார். அதன் மேல் பயனாளர்களே பல அடுக்குகளை எழுப்பினர். ரிக் மோர் உருவாக்கிய 'வோகோலா', இடப்புறம் சொல்லும் தொடர், வலப்புறம் அழுத்தப்பட வேண்டிய விசைகள் என ஒரே வரியில் ஒரு கட்டளையை எழுதிவிடும் எளிமையுடையது. கனடாவின் தேசிய ஆய்வு மன்றத்தில் அலேன் டெசிலே, பேச்சு வழக்கில் கூறப்படுவதை நிரலாக மாற்றும் முயற்சியை மேற்கொண்டார். கிறிஸ்டோ புட்சரின் 'டிராகன்ஃபிளை' பின்னர் வந்தது. இவற்றால் விளைந்த பெரும்பயன், பல கட்டளைகளை இடையில் நிறுத்தாமல் ஒரே மூச்சில் கோத்துச் சொல்ல முடிந்தமையாகும். 2013இல் பைக்கான் மாநாட்டில் டேவிஸ் ரட் குரலாலேயே நிரல் எழுதிக் காட்டினார். பார்வையாளருக்கு அது ஆங்கிலமாகவும் ஒலிக்கவில்லை, நிரலாகவும் ஒலிக்கவில்லை; ஓரசைச் சொற்களாலான தனிக்குழூஉக்குறியாக ஒலித்தது.

அக்குழூஉக்குறியின் அமைப்பு மொழியியலார் கருதத்தக்கது. ஆங்கில எழுத்துகளின் பெயர்கள் பல ஒன்றோடொன்று மயங்குவன. 'பி', 'டி', 'ஈ' ஆகியவற்றைத் தொலைபேசியில் பிரித்தறிவதே அரிது. இதன்பொருட்டு 1956இல் நடைமுறைக்கு வந்த அனைத்துலக வான்போக்குவரத்து எழுத்துப்பெயர்களில் 'நவம்பர்', 'ஜூலியட்' போன்ற மூவசைச் சொற்கள் உள்ளன. விமானிக்கு அது தடையன்று. அவர் சில எழுத்துகளையே சொல்வார். நாள் முழுதும் எழுத்தெழுத்தாகச் சொல்பவருக்கோ ஒவ்வோர் அசையும் செலவு. ரயன் ஹைல்மன் உருவாக்கிய 'டேலன்' மென்பொருளின் பயனாளர்கள் ஆளும் பெயர்கள் 'ஏர்', 'பேட்', 'கேப்', 'டிரம்' என முதல் எழுத்துகளைத் தொடங்கிச் செல்கின்றன. ஓரசை, முதலொலி எழுத்தைக் காட்டுதல், பிற பெயரோடு மயங்காமை என்னும் மூன்று நெறிகளை அவை பெரும்பாலும் பின்பற்றுகின்றன.

இத்தனை உழைப்பும் பிறருக்கு உரிமையான மென்பொருளொன்றைச் சார்ந்திருந்தது. டிராகன் சிஸ்டம்ஸ் 2000இல் பெல்ஜியத்தின் லெர்னவுட் அண்ட் ஹவுஸ்பி நிறுவனத்திற்குப் பங்குகளுக்கு ஈடாக விற்கப்பட்டது. அவ்வாண்டு இறுதிக்குள்ளேயே கணக்கு மோசடியால் அந்நிறுவனம் சரிந்தது. தொழில்நுட்பம் 2001இல் ஸ்கேன்சாஃப்ட் வசம் சென்றது. அது 2005இல் நுவான்ஸ் எனப் பெயர் மாறி, 2022இல் மைக்ரோசாஃப்டுடன் இணைந்தது. மேக் கணினிக்கான டிராகன் 2018இல் கைவிடப்பட்டது. தம் குரலுக்கேற்ப ஆண்டுக்கணக்கில் கட்டளைகளைச் சேர்த்து வைத்தவருக்கு இவை வெறும் வணிகச் செய்திகளாக இருந்திருக்க முடியாது. ஆப்பிள் 2019இல் தன் இயங்குதளத்திலேயே, பயனாளர் கட்டளைகளை ஏற்கும் குரற்கட்டுப்பாட்டைச் சேர்த்தது. டேலன் தனக்கெனப் பேச்சறிதல் பொறியைக் கொண்டுள்ளது.

டிராகன் தமிழில் வெளிவரவில்லை. கூகுளின் குரல்வழித் தட்டச்சு 2017இல் தமிழை ஏற்றது. அதன்பின் தமிழில் சொல்லி எழுதுவது ஆசிரியர் பலருக்கும் பழக்கமாயிற்று. எனினும் அது வாசகத்திற்கான வழியே. தமிழ்க் கட்டளைகளை வகுக்க முனைவோர் எழுத்துப்பெயரிலிருந்தே தொடங்கலாம். அத்துறையில் நம் மரபு வறியதன்று. எழுத்துகளைச் சுட்டக் கரம், காரம், கான் என்னும் சாரியைகளைத் தொல்காப்பிய எழுத்ததிகாரம் வகுத்துள்ளது. செவிக்கு மயங்கும் மூன்று மெல்லெழுத்துகளைத் தந்நகரம், டண்ணகரம், றன்னகரம் என அவற்றின் இன வல்லெழுத்தைக் கொண்டு வகுப்பறையில் பிரித்துக் காட்டுகிறோம். மேற்கண்ட மூன்று நெறிகளுள் மயங்காமையை இப்பெயர்கள் பெருமளவு நிறைவு செய்கின்றன. அசைச் சுருக்கத்தைச் செய்யவில்லை.

கட்டளைச் சொல்லிலோ சிக்கல் இன்னும் கூடுதல். தமிழின் ஏவல் வினை பெரும்பாலும் பகுதியளவிலேயே நிற்பது, குறுகியது, ஆகவே கட்டளைக்கு ஏற்றது போலத் தோன்றும். 'அழி' என்று ஒருவர் ஆணையிடுவதாகக் கொள்வோம். ழகரமும் ளகரமும் வேறுபாடின்றி ஒலிக்கும் நாவில் அது 'அளி' ஆகிவிடும். கணினி அதனை வாசகமாகக் கொண்டு திரையில் எழுதும். அவ்வாறு எழுதியதை நீக்கவும் அவர் மீண்டும் 'அழி' என்றே சொல்ல வேண்டியிருக்கும். 'சொல்லை அழி', 'வரியை அழி' என இரு சொற்களாக அமைத்தால் மயக்கம் குறையும், அசை கூடும். இவற்றுள் எதனைத் தேர்வது என்பதை நாள்தோறும் அவற்றைச் சொல்லப்போகும் பயனாளரின் நாவையும் தொண்டையையும் கொண்டே முடிவு செய்தல் வேண்டும்.