பிள்ளைகளின் உணவைக் கணக்கிடும் செயலிகள்: பெற்றோர் அறிய வேண்டியவை

பதின்ம வயதுப் பிள்ளைகள் பலர், தாங்கள் சாப்பிடுவதைக் கைப்பேசிச் செயலியில் பதிந்து கலோரி பார்க்கிறார்கள். சில வீடுகளில் எடை கூடிவிட்டது என்று பெற்றோரே பதிவிறக்கிக் கொடுக்கின்றனர். இச்செயலிகளால் நன்மையும் உண்டு, கேடும் உண்டு.

எப்படிக் கணக்கிடுகிறது?

உணவின் பெயரையும் அளவையும் நாம் தர வேண்டும். அல்லது பொட்டலத்தின் பார்கோடையோ தட்டின் படத்தையோ காட்ட வேண்டும். செயலி தன் பட்டியலில் தேடி ஒரு எண்ணைச் சொல்லும். 1 கிராம் மாவுச்சத்து, புரதம் ஆகியவற்றுக்குத் தலா 4 கலோரி, கொழுப்புக்கு 9 கலோரி என்பதே அடிப்படை.

கடை பிஸ்கட்டுக்கு இது ஓரளவு பொருந்தும். வீட்டு பிரியாணியில் எவ்வளவு நெய் ஊற்றினோம் என்பது செயலிக்குத் தெரியாது. ஒரே சஹனில் நான்கு பேர் அமர்ந்து சாப்பிட்டால் யார் எவ்வளவு உண்டார் என்று படமும் சொல்லாது. ஆகவே திரையில் வருவது ஒரு தோராயம் மட்டுமே.

வளரும் உடலின் தேவை

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2020 பரிந்துரைப்படி, 13 முதல் 15 வயதுள்ள ஆண் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 2860 கலோரியும், பெண் பிள்ளைக்கு 2400 கலோரியும் தேவை. எடை குறைக்க விரும்பும் பெரியவர்களுக்கான 1200 கலோரி இலக்கை ஒரு மாணவி பின்பற்றினால், தேவையில் பாதிதான் அவளுக்குக் கிடைக்கும்.

2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59.1 சதவீதம் பேருக்கு இரத்தசோகை உள்ளது. கலோரியை மட்டும் பார்க்கும் பிள்ளை, இரும்புச்சத்துள்ள ஈரலையும் கீரையையும் கவனிக்காமல் விட்டுவிடலாம்.

கர்போ தரும் பாடம்

அமெரிக்காவின் வெயிட் வாட்சர்ஸ் நிறுவனம் 2019 ஆகஸ்ட்டில், 8 முதல் 17 வயதினருக்காக 'கர்போ' என்ற செயலியைக் கொண்டுவந்தது. உணவுகளைப் பச்சை, மஞ்சள், சிவப்பு எனப் பிரித்தது. பிள்ளைகள் உணவைக் கண்டு அஞ்சும் நிலை வரும் என்று பெற்றோரும் உணவுக் கோளாறு நிபுணர்களும் எதிர்த்தனர்.

2022 மார்ச்சில் வேறொரு பிரச்சினை வெளிப்பட்டது. 13 வயதுக்குட்பட்டோரின் தகவல்களைப் பெற்றோர் அனுமதி இன்றித் திரட்டியதாக அந்நாட்டு மத்திய வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. நிறுவனம் 15 லட்சம் டாலர் அபராதம் கட்டவும், அத்தகவல்களை அழிக்கவும் நேர்ந்தது.

நம் நாட்டின் 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவரைக் குழந்தை என்கிறது. அவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் தேவை என்கிறது.

யாருக்குப் பயன்?

முதல் வகை நீரிழிவு உள்ள பிள்ளைகள் இன்சுலின் அளவைத் தீர்மானிக்க மாவுச்சத்தைக் கணக்கிட வேண்டியுள்ளது. மருத்துவர் வழிகாட்டுதலுடன் செயலி அவர்களுக்கு நல்ல துணை. உணவியல் நிபுணரிடம் காட்டச் சில நாட்கள் உணவைக் குறித்துவைக்கவும் உதவும்.

மார்க்கப் பார்வையில்

உடல் அல்லாஹ் தந்த அமானத். ஹலாலானதும் நல்லதுமான உணவை உண்ணவும், வீண் விரயத்தைத் தவிர்க்கவும் குர்ஆன் ஏவுகிறது. வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு தண்ணீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்ற நபி (ஸல்) அவர்களின் வழிகாட்டுதல் திர்மிதியில் பதிவாகியுள்ளது. அளவோடு உண்ணச் சொல்லும் மார்க்கம் உடலை வதைக்கச் சொல்லவில்லை. ரமழானில் எடை குறைக்கும் நோக்கில் சஹரைத் தவிர்க்கும் பிள்ளைகளுக்கு, நிய்யத்தைப் பற்றியும் சஹரில் உள்ள பரக்கத்தைப் பற்றியும் அன்பாக எடுத்துச் சொல்ல வேண்டும்.

பெற்றோர் செய்ய வேண்டியவை

* செயலியின் வயது வரம்பையும் அது கேட்கும் அனுமதிகளையும் முதலில் பாருங்கள்.
* பிள்ளைக்குத் தெரியாமல் வேவு பார்க்காதீர்கள். துருவித் துருவி ஆராய்வதைக் குர்ஆன் தடுக்கிறது, நம்பிக்கையும் உடைந்துபோகும்.
* எடை இலக்கை மருத்துவரைக் கேட்காமல் வைக்காதீர்கள்.
* உறவினர் முன் பிள்ளையின் உடலைக் கேலி செய்யாதீர்கள்.
* சாப்பாட்டைத் தவிர்ப்பது, உணவை ஒளிப்பது, சாப்பிட்டதும் குளியலறைக்குச் செல்வது, மயக்கம், மாதவிடாய் நின்றுபோவது ஆகியவை தெரிந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

ஒரு நாளில் ஒரு வேளையாவது கைப்பேசியைத் தள்ளிவைத்து, பிஸ்மில்லாஹ் சொல்லி, குடும்பமாக அமர்ந்து சாப்பிடுங்கள். பிள்ளை எதை ஒதுக்குகிறது, எவ்வளவு உண்கிறது என்பது செயலி இல்லாமலே உங்களுக்குத் தெரிந்துவிடும், இன்ஷா அல்லாஹ்.