பாதம் ஒன்று, இலக்கம் மூன்று: ஸ்கி சப்பாத்தின் அளவுக் கதை



எங்கள் வீட்டு வாசல்களில் கிடக்கும் சப்பாத்துகளை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். ஊரிலிருந்து யாராவது கொண்டுவந்த சப்பாத்தில் 8 என்று இருக்கும். இங்கே சுவிஸில் வாங்கியதில் 42 என்று இருக்கும். அதே ஆளின் ஸ்கி சப்பாத்தில் 26.5 என்று இருக்கும். அதன் குதிப் பக்கத்தில் இன்னும் சின்ன எழுத்தில் 305 மில்லிமீற்றர் என்பது போல வேறோர் இலக்கமும் இருக்கும். பாதம் ஒன்றுதான். கணக்கு வேலை பார்க்கிறவனுக்கு ஒரே பொருளுக்கு இத்தனை இலக்கம் இருந்தால் நித்திரை வராது. ஒவ்வொரு தை மாதமும் பாடசாலை ஸ்கி முகாமுக்கு முன்னர் நேயர்கள் தொலைபேசியில் கேட்கும் கேள்வியும் இதுதான்: "பிள்ளைக்கு எந்த இலக்கம் எடுக்கிறது?" அந்த இலக்கங்கள் எங்கிருந்து வந்தன என்பதை இம்மாத உரையில் பார்ப்போம். வரலாறு தெரிந்தால் கடையில் தடுமாற்றம் குறையும்.

முதலில் 8. எங்கள் முன்னோர் எட்டு நெல் ஒரு விரல் என்றும், பன்னிரண்டு விரல் ஒரு சாண் என்றும் அளந்தார்கள். ஆங்கிலேயருக்கு நெல்லுக்குப் பதிலாகப் பார்லி. மூன்று பார்லி மணிகளை நீளவாட்டில் வைத்தால் ஓர் அங்குலம் என்பது அவர்களின் பழைய கணக்கு. சப்பாத்து இலக்கம் ஒவ்வொன்றும் ஒரு பார்லி மணி, அதாவது மூன்றில் ஒரு அங்குலம். 1688இல் ராண்டில் ஹோம் என்பவர் வெளியிட்ட நூலிலேயே சப்பாத்துக்காரரின் அளவுமுறை பற்றிச் சொல்லப்பட்டிருக்கிறது. நான்கு அங்குலத்தில் தொடங்கிச் சிறுவர் இலக்கம் 13 வரை போகும். பிறகு பெரியவர்களுக்கு மறுபடியும் 1இல் தொடங்கும். அந்தக் கணக்குப்படி பெரியவரின் 8ஆம் இலக்கம் 11 அங்குலம், ஏறக்குறைய 279 மில்லிமீற்றர். ஆங்கிலேயர் இலங்கையை விட்டுப் போன பின்னரும் இந்தப் பார்லி மணி எங்கள் பாடசாலைச் சப்பாத்தை விட்டுப் போகவில்லை.

அடுத்தது 42. ஐரோப்பியக் கண்டத்தில் பரவிய பிரெஞ்சு முறையில் ஓர் இலக்கம் என்பது ஒரு சென்றிமீற்றரில் மூன்றில் இரண்டு பங்கு. 42ஐ அதனால் பெருக்கினால் 280 மில்லிமீற்றர். பாருங்கள், 8உம் 42உம் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் வந்து சந்திக்கின்றன. ஆனால் இரண்டும் உங்கள் பாதத்தின் நீளம் அல்ல. சப்பாத்தைத் தைப்பதற்குத் தொழிலாளர் பயன்படுத்தும் கட்டையின் நீளம் அது. விரல்கள் அசைவதற்கு ஒன்றரை சென்றிமீற்றர் அளவு இடம் அதில் சேர்ந்திருக்கிறது. 280இல் 15ஐக் கழித்தால் 265 மில்லிமீற்றர். அதுதான் 26.5. ஸ்கி சப்பாத்தில் இருப்பது பாதத்தின் அளவு. மற்ற இரண்டும் சப்பாத்தின் அளவு.

ஸ்கி சப்பாத்து மட்டும் ஏன் இப்படி வேறு வழியில் போனது?

ஆதியில் ஸ்கிக்கென்று தனிச் சப்பாத்தே இல்லை. நோர்வேயின் டெலமார்க் பகுதியைச் சேர்ந்த சோண்ட்ரே நோர்ஹைம், முறுக்கிய மரவேரைக் குதியைச் சுற்றிக் கட்டி, சாதாரணத் தோல் சப்பாத்தோடு மலையிலிருந்து இறங்கினார். 1868இல், இன்று ஒஸ்லோ எனப்படும் கிறிஸ்டியானியாவில் நடந்த போட்டியில் அவர் காட்டிய திறமை பேசப்பட்டது. சுவிஸுக்கு ஸ்கி பரவலாக வந்தது அதற்குக் கால் நூற்றாண்டு கழித்து. 1893இல் கிளாருஸைச் சேர்ந்த கிறிஸ்டோப் இசெலின் தோழர்களுடன் பிராகெல் கணவாயைக் கடந்து மூவோட்டா பள்ளத்தாக்குக்குப் போனார். அவர்களில் ஒருவர் நோர்வேக்காரர். அதே ஆண்டு கிளாருஸில் ஸ்கிச் சங்கமும் தொடங்கியது. அக்காலத்தில் காலில் இருந்தது மலையேறும் தோல் சப்பாத்துத்தான்.

பிறகு வேகம் கூடியது. 1911இல் மொன்டானாவில் நடந்த இறக்கப் போட்டிக்கு காந்தகார் பிரபு எனப் பட்டம் பெற்ற ஆங்கிலேயத் தளபதி ரொபர்ட்ஸின் பெயரில் கிண்ணம் வழங்கப்பட்டது. ஆப்கானிஸ்தான் நகரம் ஒன்றின் பெயர் அல்ப்ஸ் பனியில் ஒட்டிக்கொண்டது அப்படித்தான். பின்னர், இசைப்பெட்டிகளுக்குப் பெயர்போன சென்ற் குறோவா ஊரின் கீடோ ரோஜ் கம்பிவடத்தால் குதியை அழுத்திப் பிடிக்கும் பிணைப்பைச் செய்தபோது அதற்கும் காந்தகார் என்ற பெயரே அமைந்தது. அந்தக் கம்பி வழுக்காமல் இருக்கத் தோல் சப்பாத்தின் குதியில் பள்ளம் வெட்டினார்கள். ஸ்கி சப்பாத்து மலைச் சப்பாத்திலிருந்து பிரிந்து தனியாகப் போகத் தொடங்கியது இந்தக் காலத்தில்தான்.

குதியைப் பிடித்ததால் கட்டுப்பாடு கூடியது. ஆனால் விழுந்தால் கால் விடுபடாது. கணுக்காலும் கீழ்க்காலும் முறிவது ஸ்கியின் வாடிக்கையாயிற்று. நோர்வேயில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த யால்மார் ஹ்வாம் என்ற வீரர் 1937இல் காலை முறித்துக்கொண்டு மருத்துவமனையில் கிடந்தபோதுதான், விழும்போது சப்பாத்தைத் தானாக விடுவிக்கும் பிணைப்பை யோசித்தார். இன்று பிள்ளைகள் 'பிண்டுங்' என்று சொல்லும் பிணைப்பின் முன்னோடிகளில் அது ஒன்று.

சப்பாத்திலும் மாற்றம் வந்தது. நீண்ட லேஸைக் குளிரில் விறைத்த விரலால் இழுத்துக் கட்டுவது பெரும் பாடு. சுவிஸ்காரரான ஹன்ஸ் மார்ட்டின் உருவாக்கிய நெம்புகோல் கொளுக்கியை, ஸ்டைன் ஆம் ரைன் ஊரின் ஹெங்கே நிறுவனம் வாங்கி 1955இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. லேஸின் காலம் முடிந்தது. 1960களில் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தைச் சேர்ந்த பொப் லாங்கே, தோலையே விலக்கிவிட்டுப் பிளாஸ்ரிக் கூட்டுச் சப்பாத்தைக் கொண்டுவந்தார். சில ஆண்டுகளில் போட்டி வீரர்கள் அதற்கு மாறினார்கள். இத்தாலியின் மொன்டெபெல்லூனா, மலைச் சப்பாத்துத் தைத்த பழைய ஊர், பிளாஸ்ரிக் ஸ்கி சப்பாத்தின் தலைநகரம் ஆனது.

நேயர்களே, அளவுப் பிரச்சினை இங்கேதான் தொடங்குகிறது. தோல் பொறுமையானது. நாள்பட நனைந்து, காய்ந்து, நெகிழ்ந்து காலின் வடிவத்துக்கு வந்துவிடும். பிளாஸ்ரிக் கூடு அப்படி வராது. உள்ளிருக்கும் மெத்தைச் சப்பாத்து மட்டும் கொஞ்சம் இணங்கும். ஆகவே கட்டையின் நீளத்தைச் சொல்லும் பழைய இலக்கங்கள் போதாமற் போயின. 1970களில் சர்வதேசத் தரநிர்ணய அமைப்பு 'மொண்டோபொயின்ற்' என்ற முறையை வகுத்தது. அதன் அடிப்படை எளிமையானது: அளக்க வேண்டியது பாதத்தையே. நீளம் மில்லிமீற்றரில், அதோடு அகலமும். ஸ்கி சப்பாத்துத் தொழில் அதைச் சென்றிமீற்றராக எழுதி ஏற்றுக்கொண்டது.

இனிக் குதிப் பக்கத்துச் சின்ன இலக்கம். அது அடிக்கட்டையின் மொத்த நீளம். பிணைப்பைச் சரிசெய்பவருக்கு அது தேவை. எத்தனை விசைக்குக் கால் விடுபட வேண்டும் என்பதைப் பிள்ளையின் நிறை, உயரம், வயது, திறமை, இந்த நீளம் எல்லாவற்றையும் வைத்து அட்டவணைப்படி கணிக்கிறார்கள். அடிக்கட்டை நீண்டால் நெம்புகோல் நீளும். அதனால் பிணைப்பில் வைக்கும் இலக்கம் குறையும். சப்பாத்தை மாற்றினால் பிணைப்பையும் மறுபடி சரிசெய்ய வேண்டும் என்பது இதனால்தான். உயர்ந்த கெட்டியான சப்பாத்தும் விடுவிக்கும் பிணைப்பும் வந்தபின் கணுக்கால் முறிவும் கீழ்க்கால் முறிவும் மிகவும் குறைந்தன. முழங்கால் தசைநார்க் காயம் இன்னும் மீதியாக இருக்கிறது.

இதெல்லாம் எங்களுக்கு எதற்கு என்று கேட்கலாம். 1980களில் இங்கு வந்தவர்களில் பலருக்குப் பனி என்றால் வேலைக்குப் போகும் வழியில் வழுக்குகிற ஒன்று. ஸ்கி பணக்காரர் விளையாட்டு என்ற எண்ணமும் இருந்தது. ஆனால் இந்நாட்டு விளையாட்டு விடுமுறையின் தொடக்கம் வறுமையோடு சம்பந்தப்பட்டது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் நிலக்கரி தட்டுப்பாடாக இருந்தது. பாடசாலைகளைச் சூடாக்க முடியாமல் குளிர்காலத்தில் சில நாட்கள் மூடினார்கள். அந்த நாட்களில் பிள்ளைகளை மலைக்கு அழைத்துப்போகும் வழக்கம் வளர்ந்தது. 1972இல் தொடங்கிய அரசின் 'யூகெண்ட் உண்ட் ஸ்போர்ட்' திட்டம் முகாம்களுக்குப் பண உதவி செய்தது. 2017 டிசம்பரில் சமஷ்டி நீதிமன்றம், கட்டாயமான பாடசாலை முகாம்களுக்குப் பெற்றோரிடம் பிள்ளையின் சாப்பாட்டுச் செலவளவுக்குத்தான் பணம் கேட்கலாம், வயதைப் பொறுத்து நாளொன்றுக்கு 10 முதல் 16 பிராங்க் வரை, என்று தீர்ப்பளித்தது. காசில்லை என்று பிள்ளையை மறிக்கும் முன்னர் ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை.

சப்பாத்து விடயத்தில் எங்கள் வழக்கம் ஒன்று உண்டு. "வளருற பிள்ளை, ரெண்டு வருசத்துக்குப் போடட்டும்" என்று பெரிதாக வாங்குவது. சட்டைக்கும் குளிர் அங்கிக்கும் அது நல்ல சிக்கனம். ஸ்கி சப்பாத்துக்கு அது நட்டக் கணக்கு. கூட்டுக்குள் கால் தனியாக ஆடினால், கால் திரும்பினாலும் ஸ்கி திரும்பாது. குதி எழும்பும். பிள்ளை கொளுக்கியை இறுக்கி இறுக்கிப் பூட்டும். இரத்தம் ஓடாமல் கால் விறைக்கும். இரண்டு சோடி காலுறை போட்டு நிரப்புவதும் அதே வேலையைத்தான் செய்யும். முதல் நாளே அழுதுகொண்டு குடிலில் இருக்கும் பிள்ளை அடுத்த வருடம் முகாமுக்கே போகமாட்டேன் என்று சொல்லும்.

செய்ய வேண்டியது இது. பிள்ளையைச் சுவரோடு குதி முட்ட நிற்கவைத்து, மிக நீண்ட விரல்வரை சென்றிமீற்றரில் அளவுங்கள். இரண்டு பாதத்தையும் அளந்து பெரியதை எடுங்கள். கடையில் உள்மெத்தையை வெளியே எடுத்துவிட்டு வெறும் கூட்டுக்குள் காலை வைத்து, விரல் நுனியை முன்னால் தொடவிடுங்கள். குதிக்குப் பின்னால் ஒன்று முதல் இரண்டு விரல் நுழைய வேண்டும். அதற்கு மேல் என்றால் பெரிது. பிறகு மெத்தையை வைத்து, ஒரு மெல்லிய ஸ்கிக் காலுறையோடு பூட்டுங்கள். நிமிர்ந்து நின்றால் விரல் முன்னால் இலேசாகத் தொடும். முழங்காலை முன்னுக்கு மடித்தால் விலகும். நிற்கும்போது தொடுகிறதே என்று உடனே பெரியதைக் கேட்காதீர்கள். வளர்ச்சிக்கு ஒரு சென்றிமீற்றருக்கு மேல் விடவேண்டாம். பெரும்பாலும் 26.0உம் 26.5உம் ஒரே கூடுதான் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பெற்றோருக்கும் ஒன்று. வெறுங்காலோடும் பாட்டாச் செருப்போடும் வளர்ந்தவர்களின் முன்பாதம் அகன்றிருக்கும். ஸ்கி சப்பாத்துகளின் அகலம் ஏறக்குறைய 98 மில்லிமீற்றரிலிருந்து 102க்கு மேலும் வருகிறது. 98 இறுக்குகிறது என்று நீளத்தில் பெரியதை எடுக்காமல், அகலமான வகையைக் கேளுங்கள்.

வளரும் பிள்ளைக்குப் பருவ வாடகைதான் எனக்குச் சரியாகப் படுகிற கணக்கு. ஆண்டுதோறும் புதிய அளவு கிடைக்கும், பிணைப்பையும் அவர்களே சரிசெய்வார்கள். ஸ்கிச் சந்தையில் பழையது வாங்குவதென்றால் பிளாஸ்ரிக்குக்கும் வயது உண்டு என்பதை மறவாதீர்கள். மிகப் பழைய கூடு நொறுங்கும். தேய்ந்த அடிக்கட்டையில் பிணைப்புச் சரியாக வேலை செய்யாது. விபத்துத் தடுப்பு ஆலோசனை நிலையமும் பிணைப்பை ஆண்டுக்கொருமுறை சோதிக்கச் சொல்கிறது.

அடுத்த முறை கடையில் விற்பனையாளர் 42ஆ 43ஆ என்று கேட்டால், பாதத்தை அளக்கச் சொல்லுங்கள். முகாமுக்குப் போகும் எங்கள் பிள்ளைகள் அனைவரும் நல்ல காலோடு போய் நல்ல காலோடு திரும்ப வாழ்த்துகிறேன்.