கிராங்க் சென்சார் பிறந்த கதை

பெட்ரோல் என்ஜினில் பிஸ்டன் உச்சியைத் தொடச் சற்று முன்னால் பிளக்கில் பொறி விழுந்தாக வேண்டும். முந்தினால் என்ஜின் தட்டும். பிந்தினால் இழுவை இருக்காது. அந்த நேரத்தைப் பிடித்துக் கொடுக்கும் வேலையை அறுபது ஆண்டுக்கு மேல் பார்த்தது, திறந்து மூடும் சின்ன ஸ்விட்சான காண்டாக்ட் பாயிண்ட். அமெரிக்காவின் ஒஹையோவில் சார்லஸ் கெட்டரிங் 1910 வாக்கில் காடிலாக் கார்களுக்காகச் செய்த பேட்டரி இக்னிஷனோடு அது நிலைத்தது.

அம்பாசடர் வைத்திருந்தவர்களுக்குப் பாயிண்டை நன்றாகவே தெரியும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினால் கண்ணெதிரே இருக்கும். கருகியிருந்தால் உப்புத்தாளால் ஒரு தேய்ப்பு. பிறகு ஃபீலர் கேஜை நுழைத்து, இடைவெளியைச் சுமார் 0.4 மில்லிமீட்டருக்கு வைத்து, திருகை முடுக்கினால் வண்டி கிளம்பிவிடும். கோளாறும் கண்ணுக்குத் தெரிந்தது, வைத்தியமும் கைக்கு எட்டியது.

ஆனால் பாயிண்ட் தேயும். தேய்ந்தால் டைமிங் நகரும். டைமிங் நகர்ந்தால் புகை கூடும். 1970-ல் அமெரிக்கா தூய காற்றுச் சட்டத்தைக் கடுமையாக்கி, கார் புகையில் முக்கியமான நச்சுகளை 90 சதவீதம் குறைக்கச் சொன்னது. கம்பெனிகள் முடியாது என்றன, கெடு தள்ளிப்போனது, சட்டம் மட்டும் நின்றது. சென்சாரின் உண்மையான தாய்வீடு இந்தச் சட்டம்தான் என்பேன்.

கிரைஸ்லர் தன் 1973 மாடல் கார்களில் பாயிண்டை எடுத்துவிட்டுக் காந்தமும் செப்புச் சுருளும் வைத்தது. இரும்புப் பல் ஒன்று காந்தத்தைக் கடக்கும்போது சுருளில் மின்னழுத்தம் எழும். 1831-ல் ஃபாரடே கண்ட விதி அது. எதுவும் எதையும் உரசுவதில்லை, ஆகவே தேய்வதும் இல்லை. ஆனாலும் அந்தச் சுருள் இருந்த இடம் டிஸ்ட்ரிபியூட்டர். பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்கின் சுழற்சி செயின், கேம்ஷாஃப்ட், கியர் என்று கைமாறி அங்கே வந்து சேர்வதற்குள் ஒவ்வொன்றின் தளர்ச்சியும் கணக்கில் ஏறிவிடும். கிராங்கையே நேராகப் பார்த்தால் என்ன? 1977 ஓல்ட்ஸ்மொபைல் டொரனாடோவில் மைக்ரோபிராசசர் வைத்த இக்னிஷன் வந்தபோது, சென்சார் கிராங்கின் முன்முனைக்கே போனது. 1979-ல் பிஎம்டபிள்யூ 732ஐ காரில் வந்த பாஷின் மோட்ரானிக், ஃப்ளைவீல் அருகே இரண்டு சென்சார் வைத்தது: ஒன்று பற்களை எண்ண, இன்னொன்று தொடக்கப் புள்ளியைக் காட்ட.

அந்த இரண்டும் பின்னால் ஒன்றானதுதான் எனக்கு மிகவும் பிடித்த கட்டம். சக்கரத்தில் 60 பல்லுக்கு இடம். ஒரு பல்லுக்கு 6 டிகிரி. அதில் அடுத்தடுத்த இரண்டை மட்டும் வைக்காமல் விட்டார்கள். 58 துடிப்பு வந்து ஓர் இடைவெளி விழுந்தால், கிராங்க் எங்கே நிற்கிறது என்று கம்ப்யூட்டருக்குத் தெரிந்துவிடும். இல்லாத பல்லையே அடையாளமாக்கிய அந்த யோசனை இன்றும் எத்தனையோ கார்களில் ஓடுகிறது. 3000 ஆர்பிஎம்மில் ஒரு நொடிக்கு 2900 துடிப்பு.

தேய்மானம் போனாலும் வெப்பம் போகவில்லை. என்ஜின் பிளாக்கை ஒட்டியே கிடக்கும் சென்சாருக்குள் இருப்பது மயிரிழை போன்ற கம்பி. சூடேறும்போது விரிந்து தொடர்பு விட்டுப்போகும். ஆறினால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் ஓடுகிற கார் சிக்னலில் அணைந்து, செல்ஃப் சுற்றியும் ஸ்டார்ட் ஆகாமல் நின்று, அரை மணி நேரம் கழித்து ஒன்றும் நடக்காததுபோல் கிளம்புகிறது. பெட்ரோல் பம்ப், பிளக், காயில் என்று வரிசையாக மாற்றிப் பணத்தை இழப்பவர்களைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது. சோதனை அவ்வளவு சிரமமில்லை. செல்ஃப் சுற்றும்போது ஸ்கேனரில் ஆர்பிஎம் பூஜ்யமாகவே இருந்தால் சந்தேகத்தை முதலில் இங்கே திருப்புங்கள். கிராங்க் சென்சார் கோளாறைக் குறிக்கும் பி0335 என்ற கோடு வந்தாலும் உடனே சென்சாரை வாங்கிவிட வேண்டாம். வயரோ கப்ளரோ கெட்டிருந்தாலும் அதே கோடு வரும்.

சுருள் வகை சென்சாராக இருந்தால், கப்ளரைக் கழற்றி மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். அந்த வண்டியின் மேனுவல் சொல்லும் அளவோடு ஒப்பிடுங்கள். ஆறியபின் பார்த்தால் சரியாகவே காட்டக்கூடும், ஆகவே கோளாறு காட்டும் சூட்டிலேயே பார்ப்பது முக்கியம். சுருளுக்குப் பதில் மின்னணுச் சில்லு வைத்த, மூன்று வயர் உள்ள ஹால் வகைக்கு ஓம் சோதனை உதவாது. அதில் சப்ளையும் எர்த்தும் வருகிறதா, கிராங்க் சுற்றும்போது சிக்னல் மாறுகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

மாற்றும் வேலை பெரும்பாலும் ஒரே போல்ட்தான். அந்த இடத்துக்குக் கை போவதுதான் பாடு. பழையதை உருவியதும் நுனியைப் பாருங்கள். காந்தத்தில் இரும்புத் தூள் அப்பியிருக்கும். சில நேரம் கோளாறே அதுதான், துடைத்தால் போதும். புதியதன் ஓ-ரிங்கில் துளி ஆயில் தடவி, தட்டாமல் கையால் அழுத்தி இறக்குங்கள். நுனிக்கும் பல்லுக்கும் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் இடைவெளி. அடியில் அழுக்கு இருந்தால் அந்தக் கணக்கு தப்பும். சில கார்களில் புதிய சென்சாரை ஸ்கேனர் வழியாகக் கம்ப்யூட்டருக்குப் பழக்க வேண்டியிருக்கும். அதைச் செய்யாமல் விட்டால் செக் என்ஜின் விளக்கு மறுபடி எரியலாம்.