களைப்பை அளந்து பார்த்தவர்கள்

ஒரு வண்டி விறகை மேல்மாடிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பெரிய கட்டுகளாகக் கட்டிச் சில நடைகளில் முடிப்பது மேலா, சிறு கட்டுகளாகப் பல நடை நடப்பது மேலா? ‘அது ஆளைப் பொறுத்தது’ என்பீர்கள். இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே இக்கேள்விக்கு எண்களால் விடை தேடிய ஒருவர் இருந்தார். பௌதிக வகுப்பில், மின்னூட்டங்களுக்கு இடையேயுள்ள விசையைப் படிக்கும்போது நீங்கள் சந்திக்கும் அதே கூலூம்தான் அவர்.

கூலூம் தொழிலால் பிரெஞ்சு இராணுவப் பொறியாளர். 1764 முதல் 1772 வரை மார்த்தினிக் தீவில் கோட்டை கட்டும் பணியில் இருந்தார். வேலை செய்தவர்கள் படைவீரர்கள். அங்குள்ள வெப்பத்தில், வியர்வையில் நனைந்தபடி உழைத்த அவர்களால், பிரான்சில் ஒருவர் செய்யும் அன்றாட வேலையில் பாதியைக்கூடச் செய்ய இயலவில்லை என்று பின்னர் அவர் எழுதினார். சோம்பல் என்று ஏசாமல் வெப்பநிலையைக் காரணம் காட்டியது அக்காலத்து அதிகாரி ஒருவரிடம் அரிதான பண்பே.

மனிதரின் அன்றாட உழைப்பு பற்றிய அவரது ஆய்வுரை 1799-இல் அச்சாயிற்று. அதிலுள்ள கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். ஒரு கிலோ எடையை ஒரு மீட்டர் உயர்த்துவதை ஓர் அலகு என்று கொள்க. வெறுங்கையுடன் மலையேறுபவர்களை முதலில் பார்ப்போம். போர்தா என்ற அறிஞருடன் சென்ற எட்டுப் பேர் தெனெரீப் தீவுச் சிகரத்தில் ஒரே நாளில் 2,923 மீட்டர் ஏறினர். ஆளின் எடை 70 கிலோ எனில், ஒருவர் செய்த வேலை ஏறத்தாழ 2,05,000 அலகு. அடுத்து விறகு சுமக்கும் தொழிலாளி. அவர் 68 கிலோ விறகுடன் 12 மீட்டர் உயரத்துக்கு நாளொன்றுக்கு 66 நடை நடந்தார். உடலும் விறகும் சேர்ந்து 138 கிலோ. பெருக்கினால் வருவது 1,09,000 அலகுதான். சுமை ஏறியதும் மொத்த உழைப்பு ஏறக்குறையப் பாதியாகிவிட்டது! அதிலும் விறகை உயர்த்தச் செலவானது 54,000 அலகு. மீதி முழுவதும் தம் உடலையே திரும்பத் திரும்பத் தூக்கியதில் போயிற்று.

சுமையே இல்லாவிட்டால் பயனில்லை. சுமை மிகுந்தால் நடையில்லை. இரண்டுக்கும் இடையே எங்கோ ஓர் உத்தமச் சுமை இருக்க வேண்டும். கூலூமின் கணக்கில் அது சுமார் 53 கிலோ. அந்தச் சுமையால் கூடும் பயன் நூற்றுக்கு நான்கு பங்குதான் என்பதையும் கவனியுங்கள். கணக்கறியாத தொழிலாளி அனுபவத்தால் கணக்குக்கு வெகு அருகில் வந்துவிட்டார்! ஆனால் அதற்காக ஒவ்வொரு நடையிலும் 15 கிலோவை அதிகமாகச் சுமந்தார்.

இன்னொன்றையும் கூலூம் வலியுறுத்தினார். சில நிமிடம் பார்த்து ஒருவரின் நாள் உழைப்பை மதிப்பிடக்கூடாது. பல நாள் தொடர்ந்து பார்க்க வேண்டும்.

நூறு ஆண்டு கழித்து, 1899-இல், அமெரிக்காவின் பெத்லகேம் எஃகு ஆலையில் டெய்லர் இதே துறையில் இறங்கினார். 42 கிலோ எடையுள்ள கச்சா இரும்புக் கட்டிகளை வண்டியில் ஏற்றும் ஒருவர், வேலை நாளில் நூற்றுக்கு 43 பங்கு நேரமே சுமையுடன் இருக்கலாம், மீதி நேரம் சுமையின்றி இருக்க வேண்டும் என்பது அவர் முடிவு. இவ்வாறு ஓய்வு கொடுத்து வேலை வாங்கியதில், 12½ டன் ஏற்றியவர் 47½ டன் ஏற்றினார் என்று 1911-இல் வெளியிட்ட நூலில் எழுதினார். வேலை ஏறக்குறைய நான்கு மடங்காயிற்று, கூலியோ 1.15 டாலரிலிருந்து 1.85 டாலராக மட்டுமே உயர்ந்தது. அந்தத் தொழிலாளியின் அறிவை எருதுடன் ஒப்பிடவும் அவர் தயங்கவில்லை. ஆலையின் பழைய ஆவணங்களைத் துருவிய ரெக், பெரோனி என்ற இருவர், இக்கதையில் புனைவு மிகுதி என்று 1974-இல் காட்டினர். ஆயினும் ஓய்வும் வேலையின் ஒரு பகுதியே என்ற கருத்து நிலைத்துவிட்டது.

அந்த ஓய்வை எப்படிப் பங்கிடுவது? 1960-இல் சுவீடனில் ஆஸ்ட்ரண்ட், கிறிஸ்டென்சன் முதலியோர் ஓர் அழகிய சோதனை செய்தனர். நிலையான சைக்கிளில் கடுமையான சுமையை வைத்து ஒருவரை மிதிக்கச் செய்தனர். இடைவிடாமல் மிதித்தவர் 9 நிமிடத்தில் ஓய்ந்துபோனார். மூன்று நிமிட வேலை, மூன்று நிமிட ஓய்வு என்று மாற்றினால் ஒரு மணி நேரம் தாக்குப்பிடித்தார். ஆனால் முடிவில் மிகவும் சோர்ந்துபோனார். அதையே அரை நிமிட வேலை, அரை நிமிட ஓய்வு என்று நறுக்கியபோது எளிதாக முடித்தார். மொத்த வேலையும் ஒன்று, மொத்த ஓய்வும் ஒன்று! இரத்தத்தில் லாக்டிக் அமிலம் முன்னதில் மிக அதிகம், பின்னதில் மிகக் குறைவு. தசையிலுள்ள மயோகுளோபின் சிறிதளவு ஆக்ஸிஜனைச் சேமித்து வைக்கிறது. குறுகிய வேலைக்கு அது போதும், குறுகிய ஓய்வில் அது மீண்டும் நிரம்பிவிடும் என்று ஆய்வாளர்கள் விளக்கினர். நம் சாலையோரங்களில் சுமைதாங்கிக் கல் நட்டவர்களுக்கு மயோகுளோபின் தெரியாது. வழியில் அடிக்கடி சுமையை இறக்க வேண்டும் என்பது தெரிந்திருந்தது.

இதுவரை கேட்கப்பட்ட கேள்வி, ஒரு மனிதரிடமிருந்து எவ்வளவு வேலை பெறலாம் என்பதே. பின்னர் அது மாறியது. ஆண் தொழிலாளி சுமக்கும் உச்ச எடையை 55 கிலோவுக்குள் கொண்டுவர வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-இல் பரிந்துரைத்தது. இது கூலூமின் எண்ணுக்கு அருகில்தான். அடுத்து ஆய்வாளர்களின் கவனம் முதுகெலும்பின் அடித்தட்டுகள் தாங்கும் அழுத்தத்தின் மீது திரும்பியது. அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு, சுகாதார தேசிய நிறுவனம் 1991-இல் திருத்தியமைத்த சூத்திரத்தில், எல்லா வசதியும் பொருந்திய நிலையில் கையால் தூக்கத்தக்க எடை 23 கிலோ. குனிந்து எடுத்தாலும், உடலைத் திருப்பினாலும், நிமிடத்துக்குப் பல முறை தூக்கினாலும் அந்த அளவு மேலும் குறையும்.