எந்த வொண்டரைக் கட்டலாம்? அத்திப்பட்டிலிருந்து ஒரு கணக்கு

'சிவிலைசேஷன் 7' ஆடினவங்களுக்குத் தெரியும், அதுல சோழர்கள் இருக்காங்க, தஞ்சைப் பெரிய கோயில் ஒரு வொண்டராவும் இருக்கு. உடனே எல்லாரும் கேக்கற கேள்வி: "அதைக் கட்டறது வொர்த்தா ப்ரோ?" இன்னைக்கு எபிசோட் அந்தக் கேள்வியைப் பத்தித்தான். ஆனா பதிலை ஸ்க்ரீன்ல தேடாம, எங்க ஊர் மேப்ல தேடப் போறோம்.

எங்க ஊர் அத்திப்பட்டு. 'சிட்டிசன்' படத்துல காணாமப் போறது அத்திப்பட்டி, அது கற்பனை ஊர். இது நிஜம். கும்மிடிப்பூண்டி லோக்கல்ல எண்ணூர் தாண்டினா அத்திப்பட்டு புதுநகர், அடுத்த ஸ்டேஷன் அத்திப்பட்டு.

முதல்ல கேம் கணக்கு. ஒரு நகரம் ஒரு நேரத்துல ஒரு பொருளைத்தான் கட்ட முடியும். இருபது டர்ன் வொண்டருக்குப் போச்சுன்னா, அந்த இருபது டர்ன்ல தானியக் களஞ்சியம் கிடையாது, மதில் கிடையாது. 'சிவிலைசேஷன் 6' இன்னொரு செலவையும் சேர்த்துச்சு: வொண்டருக்குன்னு தனியா ஒரு டைல் வேணும், அந்த டைல் அதுவரைக்கும் கொடுத்துட்டிருந்த விளைச்சல் போயிடும். பழைய 4-ல இன்னொரு விதி இருந்துச்சு. சில வொண்டர்கள் காலாவதி ஆகும். புது டெக்னாலஜி வந்தா பலன் நின்னுடும். ஆக மூணு கேள்வி: எதை விட்டுட்டுக் கட்டறோம், எந்த டைல்ல கட்டறோம், எவ்வளவு நாள் பலன் தரும்?

இப்போ பக்கிங்ஹாம் கால்வாய்க்கு வருவோம். எங்க ஊர்ப் பக்கமும் அது ஓடுது, நான் வேலை பாக்கற ஓ.எம்.ஆர். பக்கமும் அதே கால்வாய்தான் ஓடுது. 1806-ல பேசில் காக்ரேன்ங்கற வியாபாரி, மதராஸ்ல இருந்து எண்ணூர் வரைக்கும் இதை வெட்ட ஆரம்பிச்சார். கடல்ல அலை மோசம், ரோடும் சரியில்ல, அதனால படகு போக உள்நாட்டுல ஒரு நீர்வழி. 1837-ல அரசாங்கம் இதை எடுத்துக்கிட்டு வடக்கயும் தெக்கயும் நீட்டிக்கிட்டே போச்சு. கடைசில 420 கிலோமீட்டர். அதுல தமிழ்நாட்டுல மட்டும் 163. விறகு, அரிசி, எங்க பக்கத்து உப்பளங்களோட உப்பு, எல்லாம் இதுல படகேறித்தான் மதராஸுக்குப் போச்சு. சால்ட் கோட்டர்ஸ்ங்கற பேரே உப்புக் கிடங்குல இருந்து வந்ததுதான்.

நடுவுல ஒரு எட்டு கிலோமீட்டர் மட்டும் பாக்கி இருந்துச்சு, கூவத்துக்கும் அடையாறுக்கும் இடையில. அதை வெட்டினது 1876-78 பஞ்சத்துல. அந்தப் பஞ்சத்துல இந்தியா முழுக்க 50 லட்சத்துக்கும் மேல செத்தாங்கன்னு மதிப்பீடு. பசியோட வந்தவங்களுக்கு அரசாங்கம் 'நிவாரண வேலை' கொடுத்துச்சு, அதுல ஒண்ணு இந்தக் கால்வாய். அப்போ கவர்னரா இருந்த பக்கிங்ஹாம் கோமகனோட பேரைத்தான் கால்வாய்க்கு வெச்சாங்க.

கூலி எவ்வளவு? 1877 தொடக்கத்துல ரிச்சர்ட் டெம்பிள் கொண்டு வந்த கணக்குப்படி, ஒரு ஆம்பளைக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், கூட ஒரு அணா. அதாவது அரை கிலோவுக்கும் குறைவா சாப்பிட்டுட்டு மண் வெட்டணும். மதராஸ் சுகாதார ஆணையர் கார்னிஷ் இது உயிர் தாங்கற அளவே இல்லன்னு எதிர்த்தார். சில மாசம் கழிச்சுத்தான் கூலியை ஏத்தினாங்க. அதே 1877 ஜனவரி 1-ஆம் தேதி டெல்லில வைஸ்ராய் லிட்டன் தர்பார் நடத்தறார், விக்டோரியாவை இந்தியாவோட பேரரசின்னு அறிவிக்க. அதே டர்ன்ல தானியக் களஞ்சியம் காலி.

கேம்ல ப்ரொடக்ஷன்ங்கறது ஒரு சின்ன சக்கரப் படம். 'வொண்டர் ரெடி'ன்னு வீடியோ வரும்போது, அந்தச் சக்கரம் யாரோட உடம்புன்னு காட்டாது. இந்த நாலாவது கேள்வி கேம்ல கிடையாது.

சரி, அவ்வளவு விலை கொடுத்த கால்வாய் எவ்வளவு நாள் ஓடுச்சு? 19-ஆம் நூற்றாண்டு முடியறதுக்குள்ள வடக்கே ரயில் பாதை வந்துடுச்சு. சரக்கு மெல்ல ரயிலுக்கும் அப்புறம் லாரிக்கும் மாறிடுச்சு. 1965, 66 புயல்கள் கால்வாயை இன்னும் சேதப்படுத்துச்சு. 1990-கள்ல பறக்கும் ரயிலோட தூண்களைக் கால்வாய்க்குள்ளேயே இறக்கினாங்க. அதுக்கு மேல காலாவதி என்ன இருக்கு? ஆனா வெள்ளம் வந்தா தண்ணியை வாங்கிக்கறதும் இதேதான். படகு வழியா முடிஞ்சுபோச்சு, வடிகாலா இன்னும் உயிரோட இருக்கு. கல்லணையைப் பாருங்க, இவ்வளவு நூற்றாண்டு கழிச்சும் அது ஆரம்பத்துல செஞ்ச அதே வேலையைச் செய்யுது. எனக்குத் தெரிஞ்சு பெஸ்ட் பில்ட் அதுதான்.

அடுத்தது டைல் கேள்வி. மதராஸுக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. 1870-கள்ல கடலுக்குள்ள ரெண்டு பெரிய கற்சுவர் கட்ட ஆரம்பிச்சாங்க. முடியற நேரத்துல, 1881 நவம்பர்ல ஒரு புயல் வந்து அதுல பெரும்பகுதியை உடைச்சுப் போட்டுச்சு. திரும்பக் கட்டினாங்க. நம்ம கரையோரமா மணல் பெரும்பாலும் தெக்குல இருந்து வடக்கே நகரும். சுவர் அதை மறிச்சதால தெக்கே மணல் சேர்ந்து சேர்ந்து மெரினா அகலமாச்சு. வடக்கே ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் மணல் வராம கடல் கரையைத் தின்ன ஆரம்பிச்சுது. ஒரே வொண்டர், ஒரு பக்கம் பீச், இன்னொரு பக்கம் வீட்டு வாசல்ல பாறாங்கல்.

கடைசியா எங்க ஊர் வொண்டர்: வடசென்னை அனல்மின் நிலையம். 1990-கள்ல மூணு 210 மெகாவாட் யூனிட், பிறகு ரெண்டு 600 மெகாவாட், ஆக 1830. அதுக்கு நிலக்கரி இறக்கத்தான் முக்கியமா எண்ணூர் துறைமுகம் 2001-ல திறந்துச்சு. இந்த கரெண்ட்ல ஏசியும் ஓடுது, நான் கோடு எழுதற லேப்டாப்பும் ஓடுது, அதனால வேண்டாம்னு சுலபமா சொல்லிட முடியாது. ஆனா இந்திய நிலக்கரில ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு சாம்பல். அது கொசஸ்தலையாத்துலயும் பக்கிங்ஹாம் கால்வாய்லயும் கலந்திருக்கு. அந்த டைல் முன்னாடி என்ன கொடுத்துச்சு? இறால், மீன், நண்டு, வெள்ளம் வடியறதுக்கு இடம். இதெல்லாம் திட்ட அறிக்கைல 'காலி நிலம்'னு போயிடும். கேம்ல மவுஸை மேல வெச்சாலே அந்த டைலோட விளைச்சல் தெரியும். இங்க அதைத் தெரிஞ்சுக்கணும்னா வலை போடறவரைத்தான் கேக்கணும்.

'கேதரிங் ஸ்டார்ம்' ஆடினவங்களுக்கு மீதி தெரியும்: நிலக்கரி எரிச்சா கடல் மட்டம் ஏறும், முதல்ல முழுகறது கரையோர டைல்.

இது பழைய கதை மட்டும் இல்ல. பக்கத்துல காட்டுப்பள்ளி துறைமுகத்தைப் பெருசாக்கற திட்டம் பல வருஷமா விவாதத்துல இருக்கு. அதைப் பத்தி யார் உங்ககிட்ட பேசினாலும் நாலு கேள்வியையும் கேளுங்க. எதுக்குப் பதிலா? எந்த டைல்ல? எவ்வளவு நாளைக்கு? யார் உழைப்புல, யார் செலவுல? நாலுக்கும் பதில் கிடைச்சா 'வொர்த்'னு சொல்லுங்க, நானும் கூட நிக்கறேன்.

பெரிய கோயில் கேள்விக்கு என் பதில்: கேம்ல தாராளமாக் கட்டுங்க, ஆனா களஞ்சியத்தை முதல்ல முடிச்சுடுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.