ஒரு படைவீரரின் குடும்ப நினைவும் மலைநாட்டுப் பாதைகளும்

மலைநாட்டின் வரலாற்றை எழுதப் புகுவோர் எவரும் ஒரு நூலைத் தவிர்த்துச் செல்ல இயலாது. மேசர் தோமஸ் ஸ்கின்னர் எழுதிய 'இலங்கையில் ஐம்பது ஆண்டுகள்' என்னும் தன்வரலாறே அது. ஸ்கின்னர் 1877இல் மறைந்தார். அவர்தம் மகள் ஆனி ஸ்கின்னர் பதிப்பித்த அந்நூல் 1891இல் இலண்டனில் வெளிவந்தது. தந்தையின் நினைவைப் பேணவேண்டுமென்ற அப்பரிவு இல்லையாயின், ஹற்றன், நுவரெலியாப் பகுதிகள் பெருங்காடாயிருந்த நாளைப் பற்றிய நேர்ச்சான்றொன்றை நாம் இழந்திருப்போம். ஒரு குடும்பத்தின் நினைவு ஒரு நாட்டின் ஆவணமாகிய வகையினையும், அவ்வாவணத்தில் பெயர் பெறாது போனோரையும் ஒருசேர நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1804இல் நியூபவுண்லாந்திற் பிறந்த ஸ்கின்னர், பீரங்கிப்படை அலுவலரான தம் தந்தையாரைத் தொடர்ந்து 1818இல் இலங்கை வந்தார். பதினைந்து வயதளவில் இலங்கை றைபிள்ஸ் படையில் அலுவலரானார். 1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமாகியிருந்தது. 1817–18இல் எழுந்த கிளர்ச்சி, மலைக்குள் படை நகர்த்தப் பாதையில்லாக் குறையை அவர்களுக்கு உணர்த்தியது. அக்குறையைத் தீர்க்க முனைந்தவர் சேர் எட்வேட் பார்ன்ஸ். வாட்டர்லூப் போரிற் காயமுற்ற இம்மனிதர், 1820இல் பதில் ஆள்பதியாகவும் 1824 முதல் 1831 வரை ஆள்பதியாகவும் இருந்தார். கொழும்பு–கண்டிப் பாதையின் ஒரு பகுதியைத் திறக்கும் பொறுப்பு இளைஞரான ஸ்கின்னரிடம் ஒப்படைக்கப்பட்டது. போர்க்களத்தில் அவர் ஈட்டிய புகழ் சிறிதே. படைவாழ்வு கற்பித்த ஒழுங்கினை அவர் பாதை வெட்டுதற்கே செலவிட்டார் எனலாம். 1841இல் பாதைகளின் ஆணையாளரானார். 1867இல் அவர் ஓய்வு பெற்றபோது, செப்பனிட்ட பாதையே இல்லாதிருந்த இத்தீவில் ஏறத்தாழ 3000 மைல் பாதை அமைந்திருந்தது.

1840இல் அவர் சிவனொளிபாதமலை உச்சியில் நின்று கண்ட காட்சி நம் ஆய்வுக்கு இன்றியமையாதது. கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஆளரவமற்ற காடு. அக்காடு ஒருநாள் இலங்கையின் பூந்தோட்டமாகும் என்றும், ஐரோப்பியரும் ஆசியரும் அங்குக் குடியேறுவர் என்றும் அவர் எண்ணினார். எண்ணம் பொய்க்கவில்லை. திம்புள்ளை, டிக்கோயா, மஸ்கெலியா ஆகிய பகுதிகள் அடுத்த நாற்பது ஆண்டுகளுக்குள் முதலிற் கோப்பிக்கும் பின்னர்த் தேயிலைக்கும் உரியனவாயின. அவர் எதிர்நோக்கிய ஆசியர் யார் என்பதை நாம் அறிவோம். தென்னிந்தியாவினின்று கடல் கடந்து, மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை நோக்கிக் கால்நடையாய் வந்த தமிழரே அவர்.

தமிழர் தொடர்பு தோட்டத்தோடு மட்டும் அமைந்ததன்று. கோல்புறூக்–கமறன் விசாரணையின் விளைவாக இராசகாரிய ஊழியம் ஒழிக்கப்பட்டபின், பாதை வேலைக்குக் கூலிபெறும் ஆட்கள் தேவைப்பட்டனர். படைப்பிரிவு போலவே ஒழுங்குபடுத்தப்பட்ட பயனியர் தொகுதிகளில் தென்னிந்தியர் பெருமளவிற் சேர்ந்தனர். பாறை பிளந்தவரும் பாலங்கட்டியவரும் அவரே. ஸ்கின்னரின் உடன்பணியாளரான கப்டன் டோசன் 1829இல் இறந்தார்; 1832இல் கடுகண்ணாவையில் அவருக்கு எழுப்பிய கோபுரம் இன்றும் வழிப்போக்கர் கண்ணிற் படுகின்றது. பயனியர்க்கோ கோபுரமுமில்லை, நூல் பதிப்பிக்கும் மகளுமில்லை. இதனை ஸ்கின்னரின் குற்றமெனக் கொள்ளல் நேர்மையாகாது. வருவாய் கருதிச் சாராயத் தவறணைகளைப் பெருக்கிய தம் அரசையே கண்டித்த மனிதர் அவர். ஆயினும் தந்தை தம் பிள்ளைகளுக்கு விட்டுச் சென்ற நூலில் கூலியாள் தொகையாகவே தோன்றுவான்.

இக்குறை ஏட்டளவில் நின்றுவிடவில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தை அடுத்து வந்த 1949ஆம் ஆண்டு இந்திய பாக்கிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டம், 1946 சனவரி 1ஆந் திகதிக்கு முற்பட்ட தொடர்ச்சியான வதிவை மெய்ப்பிக்கக் கோரியது. மணமானோர்க்கு ஏழாண்டு, ஏனையோர்க்குப் பத்தாண்டு. லயத்து அறையில் வாழ்ந்த குடும்பத்திற்குப் பாட்டனாரின் சொல்லே ஆவணம்: எந்தத் துரையின் காலத்தில் வந்தோம், எந்தக் கங்காணியின் கீழ் நின்றோம், எந்த மலையை வெட்டினோம் என்பன அவர் நினைவில் இருந்தன. அச்சொல்லைச் சட்டம் போதிய சான்றாக ஏற்கவில்லை. ஏறத்தாழ எட்டு இலட்சம் மக்களுக்காக விண்ணப்பங்கள் குவிந்தன. குடியுரிமை பெற்றோர் ஏறக்குறைய 1,34,000 பேரே. எஞ்சியோரின் நிலை 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பேரப்பொருளாயிற்று. இச்சிக்கலுக்குச் சட்டம் முற்றாக முடிவு காண 2003ஆம் ஆண்டுவரை காத்திருக்க நேர்ந்தது.

சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள் தோட்டத்து மக்களின் நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்தமை ஒரு தொடக்கம். பாடலில் உணர்வு நிற்கும்; ஆண்டும் இடமும் பெரும்பாலும் நில்லா. அவற்றைப் பெற ஸ்கின்னரின் நூலையே மாற்றிப் படித்தல் வேண்டும். எந்தப் பாதை எந்த ஆண்டில் எவ்விடம் வரை வெட்டப்பட்டது என்பதை அதனின்று குறித்துக்கொண்டு, டிக்கோயாவிலும் றம்பொடையிலும் முதியோர் தம் முப்பாட்டனார் வந்த வழியெனச் சொல்லும் ஊர்ப் பெயர்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிடலாம். அம்முதியோர் வாழும் நாளிலேயே இது செய்யப்படல் வேண்டும்.